கேட்கும், காட்டும், குறுக்கே பேசாது: இன்டர்வியூ வார்ம்அப் மதிப்பாய்வு

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று சொல்பவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். ஐம்பது கேள்வி, ஐம்பது பதில் என்று ஒரு பட்டியலைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அறைக்குள் போய் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்கு தடுக்கும். கண்ணால் பார்த்து 'ஆமாம், இது தெரியும்' என்பது ஒரு வேலை, நினைவிலிருந்து எடுத்து வாயால் சொல்வது முற்றிலும் வேறு வேலை. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆக, பயிற்சி என்றால் வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி. அதற்கென்று கூகுள் 2022இல் வெளியிட்ட இலவசக் கருவிதான் இன்டர்வியூ வார்ம்அப். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தயாரிப்பின் முதல் பாதிக்கு இது மிக நல்ல கருவி. இரண்டாம் பாதிக்கு இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். எந்த இடத்தில் இதை விட்டுவிட்டு மனிதரிடம் போக வேண்டும் என்பது தெரிந்தால், இதிலிருந்து முழுப் பயனையும் எடுத்துவிடலாம்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. உலாவியில் திறந்து துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரவுப் பகுப்பாய்வு, இ-காமர்ஸ், ஐ.டி. சப்போர்ட், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், யூ.எக்ஸ். டிசைன், சைபர் செக்யூரிட்டி ஆகியவை உண்டு. இவற்றில் எதிலும் சேராதவர்களுக்குப் பொதுப் பிரிவு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஐந்து கேள்விகள்: உங்கள் பின்னணி பற்றியும், 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்' என்ற வகையிலும், துறை அறிவு சார்ந்தும் கலந்து வரும். மைக்கை அழுத்திப் பதில் சொன்னால் நீங்கள் பேசப் பேசத் திரையில் எழுத்தாக ஓடும். தட்டச்சு செய்தும் பதில் தரலாம். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள், கருவியின் பயனே பேசுவதில்தான் இருக்கிறது. பதில் முடிந்ததும் மூன்று விஷயங்களைக் காட்டும்: துறைச் சொற்கள் எவை வந்தன, எந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்தினீர்கள், அனுபவம், திறன், கற்ற பாடம், இலக்கு போன்றவற்றில் எதைத் தொட்டீர்கள். மதிப்பெண் கிடையாது. 'நூற்றுக்கு எழுபது' என்ற எண் ஒன்று வந்துவிட்டால், பதிலைத் திருத்துவதை விட்டுவிட்டு எண்ணை ஏற்றும் விளையாட்டில் இறங்கிவிடுவோம். அதனால் மதிப்பெண் இல்லாததைக் குறையாக அல்ல, நிறையாகவே பார்க்கிறோம்.

எங்களைக் கேட்டால், அந்த மூன்று அடையாளங்களைவிடவும் பெரிய பரிசு அந்த எழுத்து வடிவம்தான். நாம் பேசியதை நாமே வாசிக்கும்போது வரும் அதிர்ச்சிக்கு ஈடில்லை. உதாரணத்துக்கு, 'ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவம் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு வந்த பதிலைத் தமிழில் இப்படி வைத்துக்கொள்வோம்:

"அதாவது, நாங்க ஒரு புராஜெக்ட் பண்ணிட்டு இருந்தோம், அது வந்து ஒரு பெரிய கிளையன்ட், அவங்களுக்கு ரிப்போர்ட் எல்லாம் லேட்டா போயிட்டு இருந்தது, அதாவது முன்னாடி இருந்த டீம் வேற மாதிரி பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் நாங்க எல்லாரும் உட்கார்ந்து பேசி, அதை மாத்தினோம், அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு."

சொல்லும்போது இது நன்றாகத்தான் இருந்திருக்கும். எழுத்தில் பாருங்கள். 'நாங்க' இரண்டு முறை வருகிறது, 'நான்' ஒரு முறைகூட இல்லை. தேர்வாளர் வேலைக்கு எடுக்கப்போவது ஒருவரை, குழுவை அல்ல. 'லேட்' என்றால் எத்தனை நாள், 'சரியாயிடுச்சு' என்றால் எவ்வளவு என்பது இல்லை. பாதிப் பதில் பழைய கதைக்கே போய்விட்டது, செய்த காரியம் 'அதை மாத்தினோம்' என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது. இதையே திருத்தினால்:

"வாரா வாரம் திங்கட்கிழமை போக வேண்டிய அறிக்கை புதன்கிழமைதான் போய்க்கொண்டிருந்தது. தாமதம் எங்கே என்று மூன்று வாரம் குறித்துப் பார்த்தேன். நாலு பேரிடமிருந்து வரும் கோப்புகளை ஒரே வடிவத்துக்கு மாற்றுவதிலேயே ஒரு நாள் போனது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு படிவம் தயாரித்தேன். ஒருவர் மாற மறுத்தார், அவரோடு உட்கார்ந்து முதல் இரண்டு வாரம் நானே நிரப்பிக் கொடுத்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து அறிக்கை திங்கட்கிழமையே போனது."

இரண்டாவது பதிலில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் வேலை பார்க்கும் விதம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்டார் என்று சுருக்கமாகச் சொல்லும் முறை இதன் அடிப்படைதான்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. பலருக்கு இது தெரியும், அளவுதான் தெரியாது. ஒன்றரை நிமிடப் பதில் என்றால் சூழலுக்கும் பொறுப்புக்கும் சேர்த்து இருபது நொடி, செயலுக்கு ஐம்பது நொடி, விளைவுக்கு இருபது நொடி. நடைமுறையில் பெரும்பாலானோர் சூழலிலேயே ஒரு நிமிடத்தைத் தின்றுவிடுகிறார்கள். பின்னணி சொல்வது பாதுகாப்பாகத் தோன்றும், 'நான் இதைச் செய்தேன்' என்று சொல்லக் கூச்சம் வரும், அவ்வளவுதான் காரணம். கருவி தரும் எழுத்தை எடுத்துச் செயலைச் சொல்லும் வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால், அடுத்த முறை முன்கதையை வெட்டிவிட்டுச் சொல்லுங்கள். இதைத் திரையிலேயே செய்ய முடியாது. பக்கத்தை மூடினால் பதில்கள் போய்விடும் என்பதால், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எழுத்தை நகலெடுத்துத் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது அவசியம்.

கருவி தடுமாறும் இடங்களும் உண்டு. ஆங்கிலம் மட்டும்தான் அதற்குப் புரியும். நேர்முகம் தமிழில் நடக்கும் என்றால், கைபேசியின் குரல் பதிவு இதைவிட மேல். மடிக்கணினியின் உள் மைக் விசிறிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும், அதனால் சொற்கள் சிதையும். கம்பி வைத்த சாதாரண இயர்போன் மைக்கே போதும், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மைக் வேலையே செய்யவில்லை என்றால் பெரும்பாலும் உலாவியில் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். முகவரிப் பட்டையின் தொடக்கத்தில் உள்ள சிறு குறியைத் தொட்டு அனுமதியை மாற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். ஆட்பெயர், மென்பொருள் பெயர், சுருக்கெழுத்து ஆகியவற்றைத் தப்பாகவே எழுதும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். சாதாரணச் சொற்களே தொடர்ந்து தப்பாக வந்தால் மட்டும் கவனியுங்கள். அநேகமாக வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறீர்கள், அல்லது வேகமாகப் பேசுகிறீர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்பது கேட்பவருக்கு வசதியான வேகம். எழுத்து வடிவத்தில் சொற்களை எண்ணி நிமிடத்தால் வகுத்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும். பதற்றத்தில் 180ஐத் தாண்டுவது சகஜம். வேகத்தைக் குறைக்க 'மெதுவாகப் பேச வேண்டும்' என்று நினைத்துக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் மூச்சு விடுங்கள், வேகம் தானாகக் குறையும்.

துறைச் சொற்களைக் கருவி பளிச்சென்று காட்டுவதைப் பார்த்து மயங்கவும் கூடாது. சொல் வந்ததா என்றுதான் அது பார்க்கிறது. பொருள் இருந்ததா என்பது உங்கள் கவலை. 'ஸ்டேக்ஹோல்டர்', 'டெட்லைன்', 'டேஷ்போர்டு' என்று அடுக்கினால் அடையாளங்கள் வரிசையாக வரும், பதிலில் ஒன்றுமே இருக்காது. அடிக்கடி சொன்ன சொற்களின் பட்டியலை மட்டும் நம்பலாம். 'பேசிக்லி', 'ஆக்சுவலி', 'லைக்' போன்றவை அதில் மேலே வந்தால், அவற்றை ஒழிக்க ஒரே வழி அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது. இரண்டு நொடி மௌனம் பேசுபவருக்குத்தான் நீளமாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்கு அது யோசனையாகவே படும்.

இனி முக்கியமான குறைக்கு வருவோம். இந்தக் கருவி குறுக்கே கேட்காது. ஒரு கேள்வி, ஒரு பதில், அடுத்த கேள்வி என்று போய்க்கொண்டே இருக்கும். உண்மையான நேர்முகத்தில் ஆள் உடைவது முதல் கேள்வியில் அல்ல, அதன் பின்னால் வரும் 'ஏன்?' என்ற இடத்தில்தான். தயாரித்து வைத்த பதிலை யாரும் சொல்லிவிடலாம் என்பது தேர்வாளருக்கும் தெரியும். அதனால் பதிலுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். மேலே உள்ள அறிக்கைக் கதையையே எடுத்துக்கொண்டால், அவர் கேட்கக்கூடியவை: அந்தத் தாமதத்தை எப்படி அளந்தீர்கள்? படிவம்தான் தீர்வு என்று ஏன் முடிவு செய்தீர்கள், வேறு எதை யோசித்துக் கைவிட்டீர்கள்? மறுத்தவர் சொன்ன காரணம் என்ன, அதில் நியாயம் இருந்ததா? உங்கள் மேலாளரின் பங்கு என்ன? இன்று அதே வேலை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? இந்த ஐந்துக்கும் நிஜமான விடை இருந்தால் அது உங்கள் கதை. மூன்றாவதிலேயே திணறினால், கதை கடன் வாங்கியது, அல்லது உங்கள் பங்கு அதில் சிறியது. இரண்டு நிலையிலும் அந்தக் கதையைக் கைவிட்டு வேறு கதை எடுப்பது நல்லது.

தன்னம்பிக்கை என்பது இந்த ஐந்துக்கும் விடை தெரிந்திருப்பதுதான் என்று உறுதியாக நம்புகிறோம். நிமிர்ந்து உட்காருங்கள், கைகளை இடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கள் என்றெல்லாம் பயிற்சியாளர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2010இல் 42 பேரை வைத்து வந்த ஆய்வு அந்த நிற்கும் முறையைப் புகழ்பெறச் செய்தது. 2015இல் 200 பேரை வைத்து மறுபடி செய்தபோது, 'பலமாக உணர்ந்தேன்' என்று சொன்னது தவிர ஹார்மோனிலும் நடத்தையிலும் மாற்றம் தெரியவில்லை. அதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு 'ஏன்'க்கு விடை தேடலாம்.

எனவே எங்கள் பரிந்துரை: முதல் மூன்று நான்கு நாள் இன்டர்வியூ வார்ம்அப், பிறகு மனிதர். அதற்கு முன் ஒரு மணி நேர மேசை வேலை இருக்கிறது. வேலை அறிவிப்பை அச்செடுத்து, அதில் அவர்கள் கேட்கும் திறன் ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். ஆறு முதல் எட்டு வரை வரும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலோ படிப்பிலோ நடந்த ஒரு சம்பவம் எழுதுங்கள். ஒன்று தோல்வியாக இருக்கட்டும், ஒன்று சக ஊழியரோடு வந்த கருத்து மோதலாக இருக்கட்டும், இவ்விரண்டையும் கேட்காத பேனல் அபூர்வம். சம்பவத்தை வாக்கியமாக எழுதக் கூடாது. ஓர் அட்டைக்கு ஐந்தே சொல்: இடம், சிக்கல், நான் செய்தது, எண், பாடம். வாக்கியமாக மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் தவறும்போது சங்கிலியே அறுந்துவிடும். ஐந்து சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியம் வரும், கதை மாறாது. பேனல் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் முறைக்கு இது மிகவும் பொருந்தும். பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்து 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட தொகுப்பாய்வில், வேலைத் திறனை முன்கூட்டிச் சொல்வதில் அத்தகைய கட்டமைந்த நேர்முகமே முதலிடம் பிடித்தது.

மனிதரிடம் போவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, உங்களைப் போலவே தேடிக்கொண்டிருக்கும் ஒருவரோடு மாறி மாறிக் கேட்பது. மென்பொருள் துறையில் இதற்கென்றே ஆள் சேர்த்துக் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. மற்ற துறையினர் நண்பரை வைத்தே செய்யலாம். நண்பரிடம் மேலே உள்ள ஐந்து துணைக்கேள்விகளை எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது இரண்டைக் கேட்கச் சொல்லுங்கள். பாராட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கேட்பவர் இடத்தில் நீங்கள் உட்காரும் அரை மணி நேரம்தான் இதில் அதிகம் கற்றுத்தரும். எந்தப் பதில் சலிப்பூட்டுகிறது, எங்கே கவனம் விலகுகிறது என்பது அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்றது, பணம் கொடுத்து மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை நேர்முகம். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் ரெஸ்யூமேயையும் வேலை அறிவிப்பையும் முன்கூட்டியே படிப்பீர்களா? இந்தத் துறையில் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்களா? பதிவு எனக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் போகலாம். ஒரு மணி நேரத்தில் முப்பத்தைந்து நிமிடம் கேள்வி, இருபத்தைந்து நிமிடம் விமர்சனம் என்று பிரிப்பவர் நல்லவர். ஐம்பத்தைந்து நிமிடம் கேட்டுவிட்டு 'நல்லா பண்ணீங்க' என்று முடிப்பவரிடம் மறுபடி போக வேண்டாம். தயார் பதில்களைக் கையில் கொடுப்பவரிடம் ஒரு முறைகூடப் போக வேண்டாம். அதே பதில் அவருடைய மற்ற மாணவர்கள் வாயிலிருந்தும் அதே பேனலுக்கு வந்து சேரும்.

குரலில் பேசும் சாட்பாட்கள் துணைக்கேள்வி கேட்கும், அந்த வகையில் இன்டர்வியூ வார்ம்அப்பைவிட ஒரு படி மேல். அவற்றின் நோய் பாராட்டு. ஆரம்பத்திலேயே கட்டளையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு துணைக்கேள்வி, நடுவில் கருத்து சொல்லாதே, கடைசியில் மூன்று குறை மட்டும் சொல். பழைய நிறுவனத்தின் உள்விவரங்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் அதில் கொட்டிவிடாதீர்கள். கேமராவைப் பார்த்துச் சிரிப்புக்கும் கண் பார்வைக்கும் மதிப்பெண் போடும் செயலிகளை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. காணொளி நேர்முகத் துறையில் பெரிய பெயரான ஹயர்வியூ நிறுவனமே, முகபாவனையை வைத்து மதிப்பிடும் பகுதியைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. கேமரா பதிவு வேண்டுமானால் கைபேசியிலேயே எடுத்து இரண்டு முறை பாருங்கள். ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டு, கை எங்கே போகிறது, தலை எத்தனை முறை குனிகிறது என்று. இன்னொரு முறை திரையை மூடிவிட்டுக் குரலை மட்டும். பதிவில் குரல் வேற்றாள் குரல் போலக் கேட்கும், பயப்பட வேண்டாம். நாம் பேசும்போது எலும்பு வழியாகவும் நம் குரல் காதுக்கு வருவதால், அதைக் கொஞ்சம் கனமாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம்.

பதற்றம் பற்றி எந்தக் கருவியும் உருப்படியாகச் சொல்வதில்லை, அதனால் இங்கே. உள்ளே படபடக்கும்போது அது முகத்தில் அப்படியே தெரிகிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் பார்ப்பவருக்கு நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. 2003இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் செய்த சோதனையில், இந்த ஒரு உண்மையை முன்கூட்டிச் சொல்லிப் பேசவைக்கப்பட்டவர்கள், அது சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், பேசும் முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகப் பேசினார்கள். படபடப்பை அடக்கப் பார்ப்பதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். கேள்வி புரியவில்லை என்றால் 'நீங்கள் கேட்பது இதைத்தானே?' என்று திருப்பிக் கேட்பதும், விடை சட்டென்று வராவிட்டால் 'கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்' என்பதும் பலவீனம் அல்ல. இந்த இரண்டையும் கருவியின் முன்னாலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பழகாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

இன்டர்வியூ வார்ம்அப் தொடவே தொடாத இடம் இன்னொன்று: 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று அவர்கள் கேட்கும் கடைசி நிமிடம். 'இல்லை' என்பது மோசமான பதில். மூன்று கேள்வி தயாராக இருக்கட்டும், இரண்டுக்கு அவர்கள் பேச்சின் நடுவிலேயே விடை வந்துவிடும். முதல் மூன்று மாதத்தில் இந்த இடத்தில் இருப்பவர் எதை முடித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இந்த வேலையில் இப்போது மிகவும் சிரமமான பகுதி எது? என் வேலையைச் சரிபார்ப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை? சம்பளத்தை இங்கே இழுக்காமல், அவர்களே அந்தப் பேச்சை எடுக்கும் சுற்று வரை வைத்திருங்கள். முதல் கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடையை வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று வந்தால் அட்டையில் முதலில் எழுத வேண்டியது அதுதான்.